இருபதில் நின்ற முள்

நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ பழைய கார்களின் ஊர்வலப் படங்களைப் போட்டிருந்தீர்கள். கவடியாரில் வரிசையாக நின்று பளபளக்கும் வண்டிகள், கூடவே பூங்கொத்து, இதயம், கைகூப்பு. 'அந்தக் காலம் வருமா' என்று நாலைந்து பேர் உருகியும் இருந்தீர்கள். உருகுங்கள், உங்கள் இஷ்டம். எனக்கு அந்த மாதிரி வண்டியைக் கண்டால் கதவையோ விளக்கையோ பார்க்கத் தோன்றாது. முட்டிவலியோடு குனிந்து, பின் அச்சின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டையைத்தான் பார்ப்பேன். ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் குட்டி எழுத்துப் பலகையில் இவ்வளவையும் தட்ட என் விரல் ஒத்துழைக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதீர்கள், தயவுசெய்து.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டை உங்களில் பாதிப்பேர் பார்த்திருக்கிறீர்கள். பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். பெரியப்பா டாக்டர். வாரம் ஒருமுறை போனக்காடு எஸ்டேட்டுக்குப் போய் அங்கே தேயிலை பறிக்கிற ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வருவார். போகவர ஒரு பழைய கறுப்பு வண்டியை எஸ்டேட்காரர்களிடமிருந்தே வாங்கியிருந்தார். மலைக்கென்றே பல்சக்கரம் வைத்த வண்டி அது. எவ்வளவு ஏற்றமானாலும் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். சமதரையில் மட்டும் ஒரே ஊளை. ஊரிலுள்ள மற்ற டாக்டர்களெல்லாம் நேர்ச்சாலையில் ஹாரன் அடித்து அவரை முந்திக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தை ரசத்தின் மேல் காட்டுவார்.

வண்டியை ஓட்டியவர் போனக்காட்டுத் தமிழர். அங்கே லயத்தில், தொழிலாளர்களின் வரிசைவீட்டில், பிறந்து வளர்ந்தவர். ஒடிசலான ஆள், அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டதில்லை. எல்லாருக்கும் டிரைவர்தான்.

அப்புறம் அக்கா. பெரியப்பாவின் ஒரே பெண். எனக்குப் பத்து வயது என்றால் அவளுக்குப் பதினேழு. காரில் ஏறினால் உப்புப் புளியைச் சப்பிக்கொண்டே வருவாள். கொட்டையை வெளியே துப்பமாட்டாள், சாம்பல் கிண்ணத்தில் போட்டு மூடிவைப்பாள். பெரியப்பா சிகரெட் பிடிக்காதவர். ஆகவே அந்தக் கிண்ணம் முழுக்க அவளுடையதுதான்.

அந்த வருஷம் வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை சீக்கிரமே இறங்கிவிட்டது. பெரியம்மாவும் அக்காவும் ஒருநாள் மலையைப் பார்க்கவென்று பெரியப்பாவோடு கூடவே போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், எனக்கு ஜலதோஷம். அங்கே ஒரு பிரசவம் சிக்கலாகிப் பெரியப்பா தங்க வேண்டி வந்தது. பெரியம்மாவையும் அக்காவையும் வண்டியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார். மலையடிவாரத்து வித்துராவுக்கு மேலே ஒரு வளைவில் வண்டி திரும்பவில்லை. வழுக்கிக்கொண்டே போய்த் திட்டில் மோதிப் புரண்டது. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பெரியம்மாவுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அக்கா அங்கேயே போய்விட்டாள்.

டிரைவர் போலீசிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். வேகமானியின் முள் இருபது மைலைத் தாண்டவே இல்லை என்று. வண்டியைச் சோதிக்க வந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் ரோட்டில் டயர் இழுத்த தடத்தை அளந்து பார்த்தார். இருபதில் வந்த வண்டி இவ்வளவு தூரம் வழுக்காது என்றார். ஒருவேளை வேகமானியில் கோளாறோ என்று அடியில் குனிந்து, பின் அச்சு உருண்டையில் மாட்டியிருந்த சின்னத் தகட்டைத் துடைத்துப் படித்தார். அந்த வண்டிக்கு உரிய எண்கள்தான். மீட்டர் சரி, டிரைவர் பொய் சொல்கிறான் என்று முடிவாயிற்று. அவர் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் மலைக்குத் திரும்பினார்.

இங்கேதான் பெரியம்மா குறுக்கே வந்தாள்.

"நானும் பாத்தேன். கொஞ்சம் மெதுவாப் போப்பான்னேன். 'இருபதுதாம்மா, பாருங்க'ன்னான். எட்டிப் பாத்தேன். முள்ளு இருபதுலதான் நின்னுது."

"நீ ஷாக்ல இருக்கே. உனக்கு ஒண்ணும் ஓர்மையில்லை," என்றார் பெரியப்பா. "அவனே போலீஸ்ல ஒத்துண்டாச்சு, வேகமாத்தான் வந்தேன்னு. நீ எதுக்கு முள்ளு முள்ளுன்னு பெனாத்தறே?"

அதற்கப்புறம் சாயங்காலமானால் பெரியம்மாவுக்கு ஓர் ஊசி போடுவார். அவள் தூங்கிப்போவாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து நிலைப்படியிலேயே நின்று குசுகுசுவென்று பேசிவிட்டுப் போவார்கள். பாவம், சித்தம் கலங்கிப்போச்சு என்பார்கள். புரோகிதம் பண்ணும் வாத்தியார் ஒரு பரிகாரம் சொன்னார், அதையும் செய்தோம்.

வழக்கு முடியும்வரை வண்டியை விற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கொல்லைப்புறத்து ஷெட்டில் கொண்டுவந்து தள்ளினார்கள். முகம் நசுங்கி, ஒரு விளக்கு தொங்கி, கண்ணாடி இல்லாமல் நின்றது. பின்பாதி மட்டும் ஒன்றும் ஆகாதது போல இருந்தது, அதுதான் பார்க்கப் பயமாயிருக்கும். ஊசி போடாத பகல்பொழுதுகளில் பெரியம்மா அதன் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் காபி கொண்டுபோனால் வாங்கமாட்டாள். முன்னால் இருக்கும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். முள் அப்போது பூஜ்யத்தில் படுத்திருக்கும். ஈரத்தில் ஊறிய சீட்டுத் துணியின் நாற்றத்தோடு சாம்பல் கிண்ணத்திலிருந்து புளிவாசனை வரும். அந்தக் கிண்ணத்தை யாரும் திறக்கவில்லை. இப்போதும் புளி கரைக்கிறபோது சில நாள் எனக்குக் கை நின்றுவிடும்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "டீ கொழந்தே, கண்ணால பாத்தது பொய்யாகுமோ?"

நான் காபி டம்ளரை நீட்டினேன்.

"முள்ளு பொய்னா, அதுக்கப்புறம் பாத்ததும் பொய்யாத்தானே இருக்கணும்? அப்போ அவ ஏன் இன்னும் ஆத்துக்கு வரலை?"

காபியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா காலேஜில் பௌதிகச் சோதனைச்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அண்ணா பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாதவர். இருந்தாலும் அன்று ஷெட்டுக்குப் போய் மன்னியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"மீட்டர் சரின்னு அந்த இன்ஸ்பெக்டர் எதை வெச்சுச் சொன்னான்?" என்று பெரியம்மா கேட்டாள். அப்பா தகட்டைப் பற்றிச் சொன்னார்.

"தகட்டுல எழுதியிருந்தா ஆச்சா? நம்மாத்துல சர்க்கரைன்னு எழுதின டப்பாவுல உப்பு வெச்சிருக்கேன். தொறந்து நாக்குல வெச்சுப் பாக்காம நீ பாயசத்துல போடுவியோ?"

அப்பா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் பல வாரமாக யாரும் சிரித்திருக்கவில்லை, அவருக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம் யோசித்தார். அந்த உருண்டைக்குள் இரண்டு பல்சக்கரம் உண்டு மன்னி, என்றார். இஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு எத்தனை தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும் என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கும். வேகமானி எண்ணுவது சக்கரத்தை அல்ல, தண்டை. தகட்டில் எட்டு, நாற்பத்திமூன்று என்று இருப்பது அந்தச் சக்கரங்களின் பற்கள். அதன்படி பார்த்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு ஐந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். திறக்காமலே எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

"எண்ணு," என்றாள் பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது ஆரம்பித்தோம். முன்சக்கரங்களுக்கு வெட்டுக்கல் அணைகொடுத்து, ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, அச்சின் இரண்டு பக்கமும் கல் அடுக்கினார் அப்பா. பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. அடையாளத்துக்குச் சாக்குக்கட்டி எடுபடவில்லை, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பெரியம்மா உள்ளே போய்க் கோலத்துக்கு அரைத்த மாவைக் கிண்ணத்தில் கொண்டுவந்து சக்கரத்தில் ஒரு கோடும், அடியில் கையை நீட்டித் தண்டில் ஒரு கோடும் இழுத்தாள். என்னைச் சாக்கில் படுக்கவைத்துத் தண்டைப் பார்க்கச் சொன்னார்கள்.

அப்பா இந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்து முன்னோக்கிச் சுற்றினார். தண்டு அசையவே இல்லை. அந்தப் பக்கம், யாரும் தொடாத சக்கரம், மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றிற்று.

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அவ சுத்தறா," என்றாள். குரல் கிசுகிசுவென்றுதான் வந்தது. பிறகு அந்தச் சக்கரத்தின் பக்கம் ஓடிப்போய் டயரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "எதுக்குடீ பின்னாடி சுத்தறே? திரும்பிப் போகணுமா? எங்கேடீ போகணும்?"

நான் சாக்கிலேயே மல்லாந்து கிடந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட எந்த விளக்கமும் அந்த நிமிஷத்தை என்னிடமிருந்து எடுத்துப்போடவில்லை.

"மன்னி, மன்னி, பேயும் இல்லை ஒண்ணும் இல்லை," என்று அப்பா பதறினார். "கியர் விழுந்திருக்கு. தண்டு பூட்டிண்டுடுத்து, அதனால ஒண்ணு இப்படின்னா இன்னொண்ணு அப்படிச் சுத்தறது. அதோட அமைப்பே அப்படியாக்கும்."

உள்ளே எட்டிப் பார்த்தார். கியர்க்கோல் விபத்தன்று இருந்தபடியே கீழ்கியரில் மாட்டிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் எந்த நிதானமான டிரைவரும் போடுகிற கியர். அப்பா அதைத் தள்ளி விடுவிக்கப் போனார். பெரியம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சினாள். அதை எடுத்துவிட்டால் அன்றைய தினம் கலைந்துபோய்விடும் என்று பயந்தாளோ என்னவோ. அப்பா கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் அவளே கையை வைத்துத் தள்ளினாள். களுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

பிறகு ஒரு பக்கத்துக் கல்லை எடுத்து அந்தச் சக்கரத்தைத் தரையில் இறக்கினார் அப்பா. ஒன்று தரையில் நின்றால், தூக்கியிருப்பது இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் உள்ளே ஒரு சுற்றாகக் கணக்கு என்று எனக்கும் புரியும்படி சொன்னார். சக்கரத்தை நிதானமாகத் திருப்பினார். என் முகத்துக்கு நேரே மாவுக்கோடு வந்துவந்து போயிற்று. நான் உரக்க எண்ணினேன். முதல் தடவை நாலுக்குச் சற்று மேல். அழித்து மறுபடி கோடு போட்டோம், அதேதான். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு வேஷ்டியோடு சகதியில் படுத்து அவரே எண்ணினார்.

"நாலும் சொச்சமும்தான்," என்று எழுந்தார். முதுகெல்லாம் செம்மண். "அஞ்சு இல்லை. இது மலைவண்டியோட உருண்டையே இல்லை, மன்னி. தகடு மட்டும் அதோடது."

"அப்போ முள்ளு?"

"முள்ளு இருபதுன்னு காட்டறச்சே வண்டி இருபத்தாறுல போயிருக்கும். கீழ்கியர் போட்டாலும் பழைய மாதிரிப் பிடிச்சு நிறுத்தாது. டிரைவருக்கு அது தெரிய வழியே இல்லை. நீங்க பாத்தது நெஜம்."

பெரியம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை நகக்கண் உட்படத் தேய்த்துக் கழுவினாள். ஷெட்டு வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்தாள். பெரியப்பா வரும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அவர் வந்து ஜாக்கியில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். தம்பியின் வேஷ்டியைப் பார்த்தார்.

"ஏன்னா, உருண்டையை எப்போ மாத்தினேள்?" என்று கேட்டாள் பெரியம்மா.

பெரியப்பா மழுப்பவில்லை. அவருக்கு விஷயமே புரியவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. "மாத்தினேன், ஆமாம். போன கன்னி மாசம். நேர் ரோட்டுல ஊளையிட்டு மானத்தை வாங்கிண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்காரன் சமதரை வண்டியோடது ஒண்ணு எடுத்துப் போட்டுத் தந்தான். அதுக்கென்ன இப்போ?"

"தகடு?" என்றார் அப்பா.

"அது ராசித் தகடுடா. எட்டும் நாப்பத்திமூணும். கூட்டிப் பாரு, ஆறு வரும். சுக்கிரன் நம்பர், வாகனகாரகன். ஜோசியர் அந்த எண்ணு வண்டியை விட்டுப் போகப்படாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார். அதான் பழசுலேந்து கழட்டி இதுல மாட்டச் சொன்னேன்."

கேட்டீர்களா? பல் எண்ணிக்கை. வெள்ளைக்காரன் ஏதோ பட்டறையில் குத்திவைத்த பல் எண்ணிக்கை. அதைக் கூட்டிச் சுக்கிரனை வரவழைத்திருக்கிறார், ஊருக்கே ஊசி போட்ட மனிதர். அந்தத் தகடு சொன்னதை நம்பி இன்ஸ்பெக்டர் ஓர் ஆளைப் பொய்யன் என்றார், பெற்றவளைப் பைத்தியம் என்றது ஊர். கோபமாக வருகிறது எனக்கு, இத்தனை வருஷம் கழித்தும்.

அப்பா மெதுவாகக் கணக்கைச் சொல்லச் சொல்லப் பெரியப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதுடா," என்றார். "மீட்டருக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு யாருமே சொல்லலைடா." அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரியம்மா முள்ளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஊசியைத் தேடிப் போனாரே, அது எதற்கு என்று நான் இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்டவரில்லை அவர். யாராவது ஒருவன் குற்றவாளி என்று தீர்ந்துவிட்டால் வீடு அடங்கிவிடும் என்று எண்ணியிருப்பார்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா கோர்ட்டில் போய் எண்ணிப் பார்த்ததைச் சொன்னார். உருண்டையைப் பிரித்துப் பற்களை எண்ணினார்கள், அப்பா சொன்னபடியே இருந்தது. பெரியப்பா மறுக்கவில்லை. அவ்வளவுதான் அவருடைய தைரியம். டிரைவரை விட்டுவிட்டார்கள். அவர் அப்புறம் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், எண்ணின மறுநாளே, பெரியம்மா போனக்காட்டுக்குப் புறப்பட்டாள். அப்பாவும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் வித்துரா தாண்டி அந்த வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்று பார்த்தேன். மூடவில்லை. மேலே எங்கும் மஞ்சு இறங்கியிருந்தது, தேயிலை வாடும் வாசனை. லயத்து முன்னால் டிரைவர் கையைக் கட்டுத்துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பாதியாகிப் போயிருந்தார். எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, என்னைய மன்னிக்கணும். வேகமாத்தான் வந்திருப்பேன் போல. நீங்களே சொல்லிட்டீங்களாமே."

"நான் என்ன சொன்னேன்?"

"மெதுவாப் போ, மெதுவாப் போன்னு நீங்க கத்துனீங்களாம், நான் கேக்கலையாம். டாக்டர் ஐயா சொன்னாருன்னு வக்கீல் சொன்னாரு. ஒத்துக்கிட்டா சிட்சை கொறையும்னு சொல்றாரு."

"எங்கிட்ட நீ ஒத்துண்டாச்சுன்னு அவரே சொன்னார்," என்றாள் பெரியம்மா.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முள்ளு எங்கே இருந்தது? நீயே சொல்லு."

"எனக்கு இப்ப ஓர்மையில்லம்மா. எல்லாரும் சொல்லச் சொல்ல, முப்பதுல நின்ன மாதிரியே கனவு வருது."

"நான் மெதுவாப் போப்பான்னேன். நீ என்ன சொன்னே?"

எதிரே மீட்டர் இருப்பது போல அவர் கண்ணைச் சுருக்கினார். "இருபதுதாம்மா, பாருங்கன்னேன்."

"நான் பாத்தேன். இருபதுலதான் இருந்தது."

"நீங்களும் பாத்தீங்களா?" என்றார். திரும்பவும் கேட்டார். "நெசமா நீங்களும் பாத்தீங்களா அம்மா?" அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கணக்கைச் சொல்ல வாயெடுத்தார், பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். அவளும் புடவையோடு அவர் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அப்போ பின்னாடிலேந்து அவ சிரிச்சா. 'அம்மா சரியான பயந்தாங்கொள்ளி'ன்னு சொன்னா. உனக்குக் கேட்டுதோ?"

"கேட்டுச்சும்மா," என்றார் டிரைவர். "நானும் சிரிச்சேன்."

பெரியம்மா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வாய்விட்டு, ஊரே கேட்கிற மாதிரி, அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்கா போன பிறகு பெரியம்மா அழுது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.